நாலு பேரை மூணாக எண்ணுவது எப்படி?

அமெரிக்காவில் ஃபுட் ஸ்டாம்ப் வாங்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல், சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். குடியேற்றச் சட்டத்தில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை இல்லை என்று நினைத்துக்கொள்ளும் மனப்பக்குவமும் வேண்டும். முதல் இரண்டுக்கும் இலவச சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. மூன்றாவதற்குத்தான் இந்தக் கையேடு.

1964இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட திட்டம் இது. அப்போது நிஜமாகவே தாளில் அச்சடித்த ஸ்டாம்ப் கொடுத்தார்கள். இன்று ஏடிஎம் கார்டு மாதிரி ஓர் இபிடி கார்டு. 2008இல் ஸ்நாப் என்று பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஜனங்கள் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் சொல்கிறார்கள். தகுதி உண்டா இல்லையா என்று பார்க்கிறவர் உங்கள் பகுதி அலுவலகத்து கேஸ் வொர்க்கர். அவரைப் பார்க்கப் போகும் முன் கீழ்க்கண்ட பாடங்களை வரிசையாகப் படியுங்கள்.

பாடம் 1: முதலில் அடுப்பை எண்ணுங்கள்

குடும்பம் யார் யார் என்று கேட்டால் நீங்கள் தாத்தா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மச்சான் என்று ஆரம்பிப்பீர்கள். வேண்டாம். ஸ்நாப் சட்டத்துக்கு ரத்த பந்தம் இரண்டாம்பட்சம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, சாமான் சேர்ந்து வாங்கி, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரு குடும்பம். ஜெர்சி சிட்டியில் ஒரு ஃப்ளாட்டில் நான்கு பேர் தங்கி, ஆளுக்கொரு குக்கர் வைத்துக்கொண்டால் நான்கு குடும்பம். ஒரே குக்கரில் சாதம் வைத்தால் ஒரு குடும்பம். தமிழ்நாட்டில் புது ரேஷன் கார்டு கேட்டால் தனிச் சமையல் இருக்கிறதா என்று விசாரிக்க ஆள் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

விதிவிலக்கும் உண்டு. கணவன் மனைவி ஒரே வீட்டில் இருந்தால், பேச்சுவார்த்தையே இல்லாமல் தனித்தனியாகச் சமைத்தாலும் ஒரு குடும்பம்தான். பெற்றோரோடு இருக்கும் 22 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை நூடுல்ஸ் மட்டுமே தின்று உயிர் வாழ்ந்தாலும் அதே குடும்பம்தான்.

இதுவரை சட்டம் பாட்டி மாதிரி பேசுகிறது: ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் ஒன்று. இந்த வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாடத்தில் மறந்துவிட வேண்டும்.

பாடம் 2: பானையை விட்டுவிட்டு பேப்பரை எண்ணுங்கள்

குடும்பத்தை வரிசையாக நிற்க வையுங்கள். உயரப்படி வேண்டாம், பேப்பர்படி.

அமெரிக்கக் குடிமக்கள் முன்னால் வரட்டும். ஒன்பது மாதக் கைக்குழந்தையானாலும் சரி, அமெரிக்க மண்ணில் பிறந்திருந்தால் முதல் வரிசை. அடுத்து கிரீன் கார்டுக்காரர்கள். இவர்களில் 18 வயதுக்குள் இருப்பவர்கள் உடனே தகுதி பெறுவார்கள். பெரியவர்கள் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்; அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு, அதாவது சுமார் பத்து வருடம், வேலை செய்திருக்க வேண்டும். ஐந்து வருடம் காத்திருக்க முடியாதவர் பத்து வருடம் உழைத்துக் காட்டலாம் என்கிறது சட்டம். கணக்கு வாத்தியார் யாரும் இதைத் திருத்தவில்லை. (கணவன் அல்லது மனைவியின் உழைப்பும் இதில் சேரும் என்பதால் சிலருக்கு நிஜமாகவே குறுக்குவழி.)

எச்-1பி, எச்-4, மாணவர் விசா, சுற்றுலா விசா எல்லாம் வரிசைக்கு வெளியே. பேப்பரே இல்லாதவர்கள் எப்போதுமே வெளியே. அவர்களுக்கு ஃபுட் ஸ்டாம்ப் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். கேட்பதற்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

வரிசை அடிக்கடி மாறும் என்பதால் பென்சிலில் எழுதுங்கள். 1996 ஆகஸ்ட் 22 அன்று பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான கிரீன் கார்டுக்காரர்களை ஒரே அடியாக வெளியே தள்ளியது. 1998இல், அந்தத் தேதிக்கு முன்பே வந்துவிட்ட குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர் திரும்ப உள்ளே வந்தார்கள். 2002 விவசாயச் சட்டம் ஐந்து வருடக் காத்திருப்போடு மற்றவர்களையும், காத்திருப்பே இல்லாமல் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. 

2025 ஜூலை 4, சுதந்திர தினத்தன்று கையெழுத்தான சட்டம் அகதிகளையும் அடைக்கலம் பெற்றவர்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதுவரை அவர்களுக்கு வந்த நாளிலிருந்தே தகுதி இருந்தது. போரில் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடிவந்தவர் கிரீன் கார்டு வந்த பிறகு பசிக்க ஆரம்பித்தால் வசதியாக இருக்கும் என்பது ஏற்பாடு. அகதி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பதற்கே வந்து ஒரு வருடம் ஆக வேண்டும். இப்போது பட்டியலில் மிஞ்சியிருப்பது குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், கியூபா–ஹெய்ட்டியிலிருந்து வந்த சிலர், மைக்ரோனேஷியா, மார்ஷல் தீவுகள், பலாவ் நாட்டவர்கள்.

பாடம் 3: ஆளைக் கழியுங்கள், சம்பளத்தைக் கழிக்காதீர்கள்

இதுதான் மைய பாடம். நிதானமாகப் படிக்கவும்.

ஒரு குடும்பம். அப்பா உணவகத்தில் சமையல்காரர். ஊருக்கெல்லாம் சமைக்கிறார், பேப்பர் இல்லை. அம்மா கிரீன் கார்டு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். வருமானம் அப்பாவின் சம்பளம் மட்டும்: பிடித்தத்துக்கு முன் மாதம் 2,800 டாலர். 2025 அக்டோபரிலிருந்து 2026 செப்டம்பர் வரை செல்லுபடியாகும் அளவுகளை வைத்துப் போடுவோம். வாடகைக் கழிவு தனிக் கதை. அதை இங்கே விட்டுவிடுவோம்.

முதல் கேள்வி: வீட்டில் எத்தனை பேர்? மூன்று. (நான்கு என்று சொன்னவர்கள் பாடம் 2க்குத் திரும்பவும்.)

இரண்டாவது கேள்வி: வருமானம் யாருடையது? இல்லாத அந்த நான்காவது ஆளுடையது. வகுக்கும்போது மட்டும் அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். 2,800ஐ நான்கால் வகுத்தால் தலைக்கு 700. அவருடைய 700ஐ அவரிடமே கொடுத்துவிட்டு மீதி 2,100ஐ மூன்று பேரின் வருமானமாக எழுதுங்கள். அவரை மறுபடி வெளியே அனுப்பிவிடுங்கள்.

மூன்று பேர் குடும்பத்துக்கு மொத்த வருமான உச்சவரம்பு வறுமைக்கோட்டின் 130 சதவீதம், மாதம் 2,888 டாலர். தேறிவிட்டீர்கள். சம்பாதித்த வருமானத்தில் 20 சதவீதம் கழித்தால் 1,680. எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவு 209 போக 1,471. இதில் 30 சதவீதத்தைச் சாப்பாட்டுக்கு நீங்களே போட்டுக்கொள்வீர்கள் என்பது அரசின் நம்பிக்கை: 442 டாலர். மூன்று பேருக்கான அதிகபட்ச உதவி 785. அதில் 442 போனால் கைக்கு வருவது மாதம் 343 டாலர்.

அப்பாவிடம் பேப்பர் இருந்திருந்தால்? நான்கு பேர், அதே 2,800, அதிகபட்சம் 994. இதே கணக்கைப் போட்டால் 388 டாலர் வரும். அம்மாவுக்கும் பேப்பர் இல்லாவிட்டால் குடும்பம் இரண்டு பிள்ளைகள் மட்டும், 272 டாலர்.

ஆக, முதல் குடும்பத்தில் அப்பாவை இல்லையென்று ஆக்கியதில் அரசாங்கத்துக்கு மிச்சம் மாதம் 45 டாலர். இதைச் சாதிக்க ஒரு மத்தியச் சட்டம், அதற்கொரு விதித் தொகுப்பு, குடியேற்ற நிலையைச் சரிபார்க்க சேவ் என்ற கணினி அமைப்பு, பல பக்கப் படிவம், நேர்காணல், வகுத்துப் பார்க்க ஓர் அதிகாரி. சிக்கனம் என்றால் இது.

மேலே போட்டது தாராள மனசுள்ள மாநிலங்களின் கணக்கு. அப்பாவின் பங்கைக் கழிப்பதும் கழிக்காததும் மாநிலத்தின் இஷ்டம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கழிக்க மாட்டேன் என்கிற மாநிலத்தில் 2,800 முழுவதும் மூன்று பேரின் தலையில் ஏறும். உதவி 175 டாலராக இறங்கும். ஸ்நாப்பில் வேண்டுமென்றே மோசடி செய்து தகுதி இழந்தவருக்கும் இதே முறைதான்: ஆள் கணக்கில் இல்லை, சம்பளம் முழுசாக உண்டு. உங்கள் வீட்டுச் சமையல்காரர் செய்த மோசடி, தினமும் வேலைக்குப் போனது.

பாடம் 4: அம்மா அப்பாவை வரவழைத்தவர்களுக்கு

இது நம்மவர்களுக்கான சிறப்புப் பாடம். மகன் குடிமகனாகி, கும்பகோணத்திலிருந்து பெற்றோருக்கு கிரீன் கார்டு எடுத்துவிட்டான். அப்போது ஐ-864 என்ற பத்திரத்தில் ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டான். கல்யாணப் பத்திரிகையைக்கூட நாம் முழுசாகப் படிக்கிறோம். இதைப் படித்தவர் அரிது. வறுமைக்கோட்டின் 125 சதவீத அளவுக்காவது இவர்களைத் தாங்குவேன் என்று அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் அது. பெற்றோர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலை கணக்கில் சேரும்வரை பொதுவாக அது விடாது. அறுபத்தைந்து வயதில் வந்திறங்கிய அப்பா 40 காலாண்டு முடிக்கும்போது எழுபத்தைந்தாகிவிடும்.

பெற்றோர் மகன் வீட்டிலேயே, ஒரே சமையலில் இருந்தால் பாடம் 1 பொருந்தும். மகனின் சம்பளமே வீட்டு வருமானம். தனியாக ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருந்தால், ஐந்து வருடம் முடிந்து விண்ணப்பிக்கும்போது, மகன் கொடுக்காத பணத்தையும் கொடுத்ததாக எழுதிக்கொள்வார்கள். மகனுக்கு மாதம் 9,000 டாலர் சம்பளம், அவன் வீட்டில் நான்கு பேர் என்று வையுங்கள். 20 சதவீதம் போக 7,200. நான்கு பேருக்கான உச்சவரம்பு 3,483 போக மீதி 3,717. இவ்வளவும் மாதாமாதம் அப்பாவின் வருமானம். மருமகளுக்கும் வேலை இருந்து, அவளும் ஸ்பான்சர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் சேரும். மகன் தீபாவளிக்கு மட்டும்தான் போன் செய்கிறான் என்று அப்பா சொல்லிப் பார்க்கலாம்.

நிஜமாகவே மகன் கைவிட்டிருந்தால் வழி இருக்கிறது. பெற்றோரின் சொந்த வருமானமும் மகன் உண்மையில் கொடுப்பதும் சேர்ந்து வறுமைக்கோட்டின் 130 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால், கொடுப்பதை மட்டும் எண்ணுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஸ்பான்சரின் பெயரை மத்திய அரசின் அட்டர்னி ஜெனரலுக்குத் தெரிவிப்பார்கள். பிள்ளையைக் காட்டிக்கொடுத்து அரிசி வாங்குகிற பெற்றோர் நம் ஊரில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

பாடம் 5: சரியான அளவில் பயப்படுங்கள்

விண்ணப்பம் போட்டால் கிரீன் கார்டு போய்விடும் என்று கோயிலில், பூங்காவில், பிறந்தநாள் விழாவில் யாராவது சொல்வார். சொன்னவரிடம் எந்த வருடத்து விதி என்று கேளுங்கள்.

பொதுப்பணத்துக்குப் பாரமாகக்கூடியவரை உள்ளே விடாதே என்ற பப்ளிக் சார்ஜ் விதி 1882இலிருந்து இருக்கிறது. 1999 வழிகாட்டலில் ஃபுட் ஸ்டாம்ப் அந்தக் கணக்கில் இல்லை. 2019 விதியில் சேர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அமலாயிற்று. 2021 மார்ச்சில் கைவிடப்பட்டது. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த விதி, ஸ்நாப் கணக்கில் வராது என்று மறுபடி எழுத்தில் சொன்னது. 2025 நவம்பரில் அந்த விதியையும் எடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தார்கள். அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் என்ன நிலவரம் என்று குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்பதே பத்திரம். பிறந்தநாள் விழாவில் கேட்பது பத்திரமல்ல.

இதில் ஒரு வேடிக்கை. பப்ளிக் சார்ஜ் சோதனைக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்நாப் தகுதியே கிடையாது. தகுதி உள்ள கிரீன் கார்டுக்காரர்களில் பெரும்பாலோர் அந்தச் சோதனையை முன்பே தாண்டியவர்கள். நடுவில் அகப்பட்டுக்கொள்வது பிள்ளைகள். எல்லாத் தகுதியும் உள்ள குடிமக்கள்; பெற்றோரின் பயத்தால் விண்ணப்பமே போடப்படாதவர்கள். ஒரு விதி அமலில் இல்லாதபோதும் வேலை செய்யும் என்பதற்கு நல்ல உதாரணம்.

இன்னொரு பயத்துக்குக் காரணம் உண்டு. 2025இல் மத்திய விவசாயத் துறை, ஸ்நாப் வாங்குகிறவர்களின் விவரங்களை ஒப்படையுங்கள் என்று மாநிலங்களைக் கேட்டது. பல மாநிலங்கள் நீதிமன்றம் போயின. படிவத்தில் உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது: பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கிறேன், எனக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டால், உங்கள் குடியேற்ற நிலையையோ சமூகப் பாதுகாப்பு எண்ணையோ கொடுக்க வேண்டியதில்லை. பொய்யாக ஓர் எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள். வெற்றிடம் குற்றமல்ல, பொய் குற்றம்.

பாடம் 6: கடைக்குப் போங்கள்

கார்டு வந்துவிட்டது. நியூ ஜெர்சியின் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் இபிடி வாங்கும் மளிகைக் கடையாகப் பார்த்து நுழையுங்கள். அரிசி, பருப்பு, முருங்கைக்காய், ஊறுகாய், உறைந்த பரோட்டா எல்லாம் எடுக்கலாம். சுடச்சுட சமோசா கூடாது. அதே சமோசா ஆறிப்போய் பெட்டியில் இருந்தால் கூடும். சோப்பு, சாம்பிராணி, கற்பூரம், வைட்டமின் மாத்திரை கூடாது. வெண்டை விதை, தக்காளி நாற்று வாங்கலாம். சாப்பிடும் பொருளைத் தரும் விதையும் செடியும் அனுமதிக்கப்பட்டவை. மூன்று மாதம் பொறுமையாக இருந்தால் சாம்பார் வைக்கலாம்.

அந்தப் பருப்பு மூன்று பேருக்கானது என்பதை மறக்காதீர்கள். கொதித்த பிறகு சாம்பாரில் எது மூன்று பேரின் பருப்பு, எது அப்பாவின் 700 டாலரில் வாங்கிய பருப்பு என்று பிரிக்கும் கரண்டி இன்னும் சந்தைக்கு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவதுமில்லை. 343 டாலர் பருப்பை நான்கு தட்டில் ஊற்றினால் பிள்ளைகளின் தட்டில்தான் குறையும். அப்பாவுக்குக் கொடுக்கவில்லை என்று அரசு நினைப்பது, நடைமுறையில் அவருடைய பிள்ளைகளிடமிருந்து பிடித்துக்கொள்வதாக முடிகிறது.

பாடம் 7: பேப்பர் கேட்காத கதவுகள்

கேலி போதும், இந்தப் பாடத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள், பிரசவமான தாய்மார்கள், ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கான விக் திட்டத்தில் மத்திய விதிப்படி குடியேற்ற நிலை பார்ப்பதில்லை. வருமானம் வறுமைக்கோட்டின் 185 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளியில் இலவச மதிய உணவுக்கும் பேப்பர் கேட்பதில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள், மத்திய அரசு வெளியே தள்ளிய சில வகையினருக்குத் தங்கள் சொந்தப் பணத்தில் உணவு உதவி தருகின்றன.

எச்-1பி வேலை போய், 60 நாள் கெடுவில் புது வேலை தேடிக்கொண்டிருக்கும் வீட்டில் அமெரிக்காவில் பிறந்த குழந்தை இருந்தால், அதன் பெயரில் விண்ணப்பிக்கலாம். தனி ஒருவருக்கு அதிகபட்சம் மாதம் 298 டாலர். சேமிப்பு 3,000 டாலரைத் தாண்டக் கூடாது என்ற மத்திய வரம்பைப் பல மாநிலங்கள் தளர்த்தியிருக்கின்றன. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று கேளுங்கள். சென்னையில் பிறந்து எச்-4இல் இருக்கும் அக்காவுக்குக் கிடையாது, தம்பிக்கு உண்டு. எதற்கெடுத்தாலும் அக்கா தம்பி சரிசமம் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தால், கேஸ் வொர்க்கர் முன்னால் அதைச் சொல்ல வேண்டாம்.

விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். கையில் காசே இல்லாத நிலை என்றால் ஏழு நாளில். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். கணக்கைத் தப்பாகப் போடுவதில் அதிகாரிகளும் மனிதர்களே.

பாடம் 8: மறுபடியும் முதலிலிருந்து

ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும். அதற்குள் சமையல்காரர் அப்பாவுக்குச் சம்பளம் மாதம் 200 டாலர் உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படலாம், கொஞ்சமாக. 200இல் முக்கால் பங்கு 150. அதில் 20 சதவீதம் போக 120. அதில் 30 சதவீதம் 36. குடும்பத்துக்கான உதவி 343இலிருந்து 307 ஆகும்.

புதுப்பிக்கும் படிவத்தில் அப்பா எந்தப் பேப்பரில் இந்த நாட்டில் இருக்கிறார் என்ற கட்டத்தை நீங்கள் நிரப்பாமல் விடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த 200 டாலரை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அது மோசடி.